சம்பள உச்சவரம்பு (என்.பி.ஏ. கூடைப்பந்து)

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில், ஓர் அணி தன் வீரர்களுக்கு ஓராண்டில் தரும் மொத்தச் சம்பளத்துக்கு வகுக்கப்பட்ட எல்லை சம்பள உச்சவரம்பு எனப்படும். லீக் எதிர்பார்க்கும் வருவாயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை எடுத்து, வீரர் நலச் செலவுகளைக் கழித்து, எஞ்சியதை அணிகளின் எண்ணிக்கையால் வகுத்து ஆண்டுதோறும் இது கணக்கிடப்படுகிறது. இன்று 30 அணிகள் உள்ளன. அமெரிக்கக் கால்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் உச்சவரம்பைத் தாண்ட முடியாது. கூடைப்பந்தில் உள்ளதோ நெகிழ்வான வரம்பு. விதிவிலக்குகளின் வழியாகப் பெரும்பாலான அணிகள் அதற்கு மேலேயே செலவிடுகின்றன. அதனால் இங்கே அணியமைப்பு என்பது நல்ல வீரரைத் தேடிப் பிடிப்பதோடு முடிவதில்லை. அவரை எந்த விதியின்கீழ், எந்த வரிசையில் ஒப்பந்தம் செய்வது என்பதே அதன் பாதி.

தோற்றம்

உச்சவரம்பு 1980களின் கண்டுபிடிப்பு என்று பலர் கருதுவதுண்டு. உண்மையில் அது லீகோடு உடன்பிறந்தது. 1946 ஜூனில் ஐஸ் ஹாக்கி அரங்க உரிமையாளர்கள் நியூயார்க்கில் கூடி அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தைத் தொடங்கினர். ஹாக்கி இல்லாத இரவுகளில் வெறிச்சோடிக் கிடந்த அரங்குகளுக்குக் கூட்டம் சேர்ப்பதே நோக்கம். 11 அணிகளோடு தொடங்கிய 1946-47 பருவத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பளம் 55,000 டாலரைத் தாண்டக்கூடாது என விதிக்கப்பட்டது. பெரும்பாலான வீரர்களுக்கு ஆண்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் டாலரே கிடைத்தது. அந்த விதி ஒரே பருவத்தோடு கைவிடப்பட்டது. 1949இல் தேசியக் கூடைப்பந்து லீகை இணைத்துக்கொண்டு அச்சங்கம் என்.பி.ஏ. என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் உச்சவரம்பு இல்லாமலே சம்பளம் கட்டுக்குள் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைப் பழைய அணியோடு பிணைத்து வைத்த தக்கவைப்பு விதியே அதற்குக் காரணம். 1967இல் போட்டி லீகாக ஏ.பி.ஏ. தோன்றியதும் நிலைமை மாறியது. ஒரே வீரருக்காக இரு லீகுகளும் பணத்தை அள்ளி வீசின. இரண்டும் இணையப் பேச்சு நடத்தியபோது, வீரர் சங்கத் தலைவரும் புகழ்பெற்ற ஆட்டக்காரருமான ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் வழக்குத் தொடுத்தார். போட்டியை ஒழித்துத் தக்கவைப்பு விதியை நிலைநிறுத்துவது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்பது அவர் தரப்பு. 1976இல் சமரசம் ஏற்பட்டது. டென்வர், இந்தியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஆகிய நான்கு ஏ.பி.ஏ. அணிகள் என்.பி.ஏ.யில் சேர்ந்தன. வீரர்கள் அணி மாறும் உரிமை படிப்படியாகத் திறந்தது.

அதன் பின் சம்பளம் மளமளவென ஏறியது. 1980களின் தொடக்கத்தில் பல அணிகள் நட்டத்தில் தத்தளித்தன. 1983 மார்ச் இறுதியில், வேலைநிறுத்தக் கெடு நெருங்கிய வேளையில், லீக் ஆணையர் லாரி ஓ’பிரையன் தரப்பும் லாரி ஃபிளைஷர் வழிநடத்திய வீரர் சங்கமும் உடன்பாட்டுக்கு வந்தன. லீகின் மொத்த வருவாயில் 53 விழுக்காடு வீரர்களுக்கு உறுதி செய்யப்பட்டது. ஈடாக அவர்கள் உச்சவரம்பை ஏற்றனர். 1984-85 பருவத்தில் அந்த வரம்பு 36 லட்சம் டாலர். ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த சில அணிகளின் செலவு இருந்த அளவிலேயே நிறுத்தப்பட்டது. பேச்சுவார்த்தையில் முக்கியப் பங்கு வகித்த டேவிட் ஸ்டெர்ன் 1984 பிப்ரவரியில் ஆணையரானார். லீகின் மீட்சி இந்த உடன்பாட்டிலிருந்தே தொடங்குகிறது.

விதி வந்ததும் அதைச் சுற்றிப் போகும் வழிகளும் வந்தன. ஒவ்வொரு மீறலும் அடுத்த உடன்படிக்கையில் ஒரு புதிய பிரிவாக மாறியது. 1994இல் கிளென் ராபின்சன் ஓர் ஆட்டமும் ஆடுமுன்னரே பத்தாண்டுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். மறு ஆண்டே புதுமுக வீரர்களுக்கு நிலையான ஊதிய அட்டவணை வந்தது. 1996இல் மயாமி அணி ஜுவன் ஹோவர்டோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தம் வரம்பை மீறியது என்று லீக் அதைச் செல்லாததாக்கியது. அவர் தன் பழைய அணியான வாஷிங்டனுக்கே திரும்பினார். 1997-98இல் சிகாகோ மைக்கேல் ஜோர்டனுக்கு மட்டும் 3.3 கோடி டாலர் கொடுத்தது. அந்த ஆண்டு ஓர் அணி முழுமைக்குமான வரம்போ 2.69 கோடி. 1997இல் 21 வயதுக் கெவின் கார்னெட் ஆறாண்டுக்கு 12.6 கோடி டாலர் பெற்றது உரிமையாளர்களின் பொறுமையைச் சோதித்தது. 1998 ஜூலையில் கதவடைப்பு அறிவிக்கப்பட்டது. 1999 ஜனவரியில் அது முடிந்தபோது பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது. தனி வீரர் சம்பளத்துக்கு உச்ச எல்லை, நடுத்தர விதிவிலக்கு, வரம்பை வெகுவாகத் தாண்டிச் செலவிடும் அணிகள் மீதான ஆடம்பர வரி ஆகிய மூன்றும் அந்த உடன்படிக்கையில் பிறந்தவை. 2000இல் வீரர் ஜோ ஸ்மித்தோடு மின்னசோட்டா வரம்பைச் சுற்றிப் போகச் செய்துகொண்ட இரகசிய உடன்பாடு அம்பலமானது. அந்த அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான ஐந்து முதற்சுற்றுத் தேர்வுரிமைகள் பறிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு பின்னர் திருப்பித் தரப்பட்டன.

விதிவிலக்குகளின் வகைகள்

வரம்பைத் தாண்ட அனுமதிக்கும் விதிவிலக்குகளைப் பின்வருமாறு பகுக்கலாம்.

பேர்ட் விதிவிலக்கு: பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் வழங்குவது. அணி மாறாமல் மூன்று ஆண்டு ஆடிய வீரரை, வரம்பைத் தாண்டியும் அவருக்குரிய உச்சச் சம்பளம்வரை கொடுத்துத் தக்கவைக்கலாம். வீரர் பரிமாற்றத்தில் வேறு அணிக்குப் போனால் இவ்வுரிமையும் அவரோடு போகும். இரண்டாண்டு, ஓராண்டு ஆடியவர்களுக்கு இதன் குறுகிய வடிவங்கள் உண்டு.

நடுத்தர விதிவிலக்கு: வரம்புக்குள் இடமில்லாத அணியும் வெளியிலிருந்து ஓரளவு நல்ல வீரரைச் சேர்க்க உதவுவது. அணியின் செலவு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இதன் அளவு கூடும், குறையும்.

குறைந்தபட்சச் சம்பள விதிவிலக்கு: அனுபவ ஆண்டுகளுக்கேற்ற அடிமட்ட ஊதியத்தில் எந்த அணியும் வீரரைச் சேர்க்கலாம். பெஞ்சின் கடைசி இடங்கள் பெரும்பாலும் இப்படியே நிரம்புகின்றன.

பரிமாற்ற விதிவிலக்கு: வரம்புக்கு மேலுள்ள அணிகள் ஏறத்தாழ ஈடான சம்பளமுள்ள வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். அனுப்பியதைவிடக் குறைவாகப் பெற்றால் அந்த வித்தியாசம் ஓராண்டுவரை கணக்கில் நிற்கும்.

ஒப்பந்தங்கள்

ஓர் அணியில் வழக்கமான ஒப்பந்தமுள்ள 15 வீரரும், இளநிலை லீகோடு பகிர்ந்துகொள்ளும் இருவழி ஒப்பந்தத்தில் மூவரும் இருக்கலாம். ஆறு ஆண்டுவரை அனுபவம் உள்ளவர் உச்சவரம்பில் 25 விழுக்காடும், ஏழு முதல் ஒன்பது ஆண்டு உள்ளவர் 30 விழுக்காடும், பத்தாண்டோ அதற்கு மேலோ உள்ளவர் 35 விழுக்காடும் தொடக்கச் சம்பளமாகப் பெறலாம். விருது பெற்ற இளையோருக்கு மேல்நிலை விழுக்காடு முன்னதாகவே திறக்கும். முதற்சுற்றில் தேர்வானவருக்கு முதல் இரண்டாண்டுச் சம்பளம் உறுதி. அடுத்த இரண்டாண்டு அணியின் விருப்பம்.

இந்த எல்லைகளால் இரு வகை வீரர்கள் விலையை மிஞ்சிய பயன் தருகின்றனர்: சந்தையில் இன்னும் அதிகம் பெறக்கூடிய முதல்தர நட்சத்திரம், அட்டவணைச் சம்பளத்தில் ஆடும் திறமையான புதுமுகம். பெயருக்காக உச்சச் சம்பளம் பெறும் இரண்டாம் நிலை வீரரே ஓர் அணிக்குப் பெரிய சுமை.

அணியமைக்கும் முறைகள்

முதல் முறை, வரிசையறிந்து ஒப்பந்தமிடுவது. ஒப்பந்தம் முடிந்த தன் வீரரின் பெயரில் ஓர் அணி ஒரு தற்காலிகத் தொகையைக் கணக்கில் தாங்கி நிற்கும். அந்தத் தொகை அவர் பெறப்போவதைவிடக் குறைவாக இருந்தால், முதலில் வெளியாளைச் சேர்த்துவிட்டுப் பிறகு அவரைப் பேர்ட் உரிமையால் தக்கவைக்கலாம். 2015 கோடையில் சான் அன்டோனியோ லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜைச் சேர்த்த பின்னரே கவாய் லெனர்டின் உச்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இவ்வழியில்தான்.

இரண்டாவது, மலிவான ஒப்பந்தத்தின் பலனை அறுவடை செய்வது. கணுக்கால் காயத்தால் ஐயத்துக்குள்ளாகியிருந்த ஸ்டீஃபன் கரி 2012இல் நான்காண்டுக்கு 4.4 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் 2016இல் வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. அப்போதும் கரி பழைய சம்பளத்திலேயே ஆடிக்கொண்டிருந்ததால் கோல்டன் ஸ்டேட் அணியால் கெவின் டுராண்டைச் சேர்க்க முடிந்தது.

மூன்றாவது, எதிர்காலத் தேர்வுரிமைகளைக் குவிப்பது. ஓக்லஹோமா சிட்டி 2012இல் சம்பளச் சுமைக்கு அஞ்சி ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. அந்த முடிவு பிழையே. ஆனால் அதே அணி 2019இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதற்சுற்றுத் தேர்வுரிமைகளையும் பெற்றது. அவற்றில் ஒன்றால் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025இல் அவ்வணி பட்டம் வென்றது. தேர்வுரிமைகளை வாரி இறைப்பதற்கும் தடை உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் அவற்றைப் பரிமாற்றங்களில் கொடுத்துத் தீர்த்ததால், அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் முதற்சுற்று வாய்ப்பையும் கைவிடக்கூடாது என்னும் விதி அவர் பெயராலேயே வழங்குகிறது.

இன்றைய நிலை

2023 உடன்படிக்கை ஆடம்பர வரிக்கு மேல் இரண்டு எல்லைகளை வகுத்தது. இரண்டாவதைத் தாண்டும் அணி நடுத்தர விதிவிலக்கை இழக்கும். பரிமாற்றத்தில் இரு வீரரின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டவும் முடியாது. 2025-26இல் உச்சவரம்பு 15.46 கோடி டாலர், இரண்டாம் எல்லை 20.78 கோடி. 2024இல் பட்டம் வென்ற பாஸ்டன், இந்த எல்லைக்குக் கீழே இறங்குவதற்காக 2025 கோடையில் ஜூரு ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது.