விழாத சிப்பாய்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அல்சரேடிவ் கொலைடிஸுக்காக தினமும் விழுங்கிக்கொண்டிருந்த மெசலமின் மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டு, ஆன்லைனில் வாங்கிய ஒரு ப்ரோபயாடிக் கேப்சூலைப் போட ஆரம்பித்தேன். ‘நல்ல பாக்டீரியா, இம்யூனிட்டி கூடும்’ என்று டப்பாவில் போட்டிருந்தது. ஆறாவது வாரம் மறுபடி ரத்தம் போனது. டாக்டர் திட்டவில்லை. “உங்களுக்கு இம்யூனிட்டி கம்மின்னு யாருங்க சொன்னது? அது சொந்தக் குடலையே அடிக்கிறதுதானே பிரச்சினை?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே மனிதரிடம் போய் நிற்கிறோம். 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் இல்யா மெச்னிகோவ், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் லார்வாவின் உடம்பில் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. உடம்புக்குள் வரும் அந்நியனை விழுங்கும் செல்கள் உண்டு என்ற அவருடைய கண்டுபிடிப்புக்கு, 1908இல் பால் எர்லிக்குடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

அதே மெச்னிகோவ்தான் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபடி தயிரின் பிரச்சாரகராகவும் ஆனார். பெருங்குடலில் நடக்கும் அழுகல்தான் முதுமையைக் கொண்டுவருகிறது, புளித்த பாலின் பாக்டீரியா அதைத் தடுக்கும் என்பது அவர் வாதம். பல்கேரிய விவசாயிகள் நீண்ட காலம் வாழ்வதாகச் சொல்லப்பட்டதை ஆதாரமாகக் காட்டினார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார். 1916இல், 71 வயதில் இறந்தார். இம்யூனிட்டி, நல்ல பாக்டீரியா என்று என் டப்பாவில் இருந்த இரண்டு சொற்களோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. ஆனால் முதலாவதை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டாவதைப் பெரும்பாலும் நம்பினார்.

அவர் இறந்த மறுவருஷம், முதல் உலகப்போரின் நடுவே, ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஆல்ஃபிரெட் நிஸ்லே வேறு வழியில் யோசித்தார். பால்கன் பகுதியில் டோப்ருஜா போர்முனையில் சிப்பாய்கள் சீதபேதியில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் விழவில்லை. எங்கள் வேலையில் பத்து சர்வர் படுத்தால் படுத்த பத்தின் லாகைத்தான் முதலில் தோண்டுவோம். நிஸ்லே தோண்டியது நின்றுகொண்டிருந்த பதினொன்றாவதை. அந்தச் சிப்பாயின் மலத்திலிருந்து ஒரு ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். ‘முடாஃப்ளோர்’ என்ற பெயரில் அதைக் கேப்சூலில் அடைத்தார். ஈ.கோலை நிஸ்லே 1917 என்ற அந்த ரகம் இன்றும் ஜெர்மனியில் மருந்தாக விற்பனையில் இருக்கிறது.

அது செய்வது நோய் எதிர்ப்பைப் பொத்தாம்பொதுவாக ‘ஏற்றுவது’ அல்ல. இரும்புச்சத்தைக் கைப்பற்றி மற்ற கிருமிகளைப் பட்டினி போடுகிறது. குடல் சுவரின் செல்களைத் தூண்டி, டிஃபென்சின் என்ற சொந்தக் கிருமிநாசினியைச் சுரக்க வைக்கிறது.

உண்மையான பரீட்சைக்கு எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2004இல் வெளியான ஆய்வில், நோய் அடங்கியிருந்த 327 கொலைடிஸ் நோயாளிகளில் ஒரு பாதிக்கு நிஸ்லே, மறு பாதிக்கு மெசலமின். ஒரு வருஷம் கழித்துக் கணக்கிட்டபோது நோய் திரும்பியது நிஸ்லே பக்கம் 36.4 சதவீதம், மெசலமின் பக்கம் 33.9. கிட்டத்தட்ட சமம். நம்மூரிலும் நடந்தது. 2009இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், 147 நோயாளிகளுக்கு எட்டு ரகங்கள் கலந்த வேறொரு ப்ரோபயாடிக் அல்லது வெற்று மருந்து தந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் 42.9 சதவீதம், வெற்று மருந்தில் 15.7.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்போ நான் செய்தது சரிதானே? இல்லை. அந்த எண்கள் அந்தந்த ரகத்துக்கும் அந்த அளவுக்கும் மட்டும் சொந்தம். என் டப்பாவில் இருந்தது வேறு பாக்டீரியா. பெயர்தான் ஒன்று. குடல் அழற்சியின் இன்னொரு வகையான க்ரோன் நோயில் ப்ரோபயாடிக்குகள் இப்படிக்கூடத் தேறவில்லை.

கதை இன்னும் சிக்கலாகிறது. 2006இல் சில ஈ.கோலை ரகங்கள் கோலிபாக்டின் என்ற நச்சைச் செய்து டி.என்.ஏவை உடைப்பது தெரியவந்தது. அதற்கான மரபணுத் தொகுதி நிஸ்லேயிடமும் இருக்கிறது. சரி, வெட்டி எறிந்துவிடலாமே என்றால், 2012இல் எலிகளில் செய்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் அந்தத் தொகுதியைச் செயலிழக்கச் செய்ததும் அதன் நல்ல குணமும் போய்விட்டது. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பிரித்துவைத்திருந்த என் மூளைக்கு இது சரியான அடி.

இப்போது மெசலமின் தவறாமல் போகிறது. இந்தக் கதையை எல்லாம் அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்ப என்னதாண்டா சொல்ற? மோர் ஊத்தட்டுமா வேண்டாமா?” என்றாள்.

“ஊத்தும்மா. அது மோர். மருந்து தனி.”