மூளைக்கு மின்சாரம்: அச்சமும் உண்மையும்

மூளைக்கு மின்சாரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமாவில் காட்டப்படும் 'ஷாக்' வைத்தியம்தான். அந்தப் பயத்தாலேயே மனநல மருத்துவரிடம் போகத் தயங்கும் குடும்பங்கள் மேருவிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. ஆனால் எல்லா மின் சிகிச்சையும் ஒன்றுதானா? வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொன்னார். 1800-இல் வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே இத்தாலியின் அல்டினி, கடும் மனச்சோர்வில் இருந்த ஒரு விவசாயிக்கு அதைப் பயன்படுத்தினார். முன்னதாகத் தம் தலையிலேயே சோதித்தவருக்குச் சில நாட்கள் தூக்கம் போனது!

1938-இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் வலிப்பை உண்டாக்கும் மின் சிகிச்சையைத் தொடங்கினர். சினிமாவில் வருவது இதுதான். இன்று அதுவும் மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. அதற்கு நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் மின்சாரம் தேவை.

2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பாவ்லஸ் இருவரும் வெறும் 1 மில்லி ஆம்பியரைத் தலைத்தோலின் மேல் செலுத்தினர். வலிப்பு இல்லை, மயக்கமும் இல்லை. ஆனால் கைத்தசையை இயக்கும் மூளைப் பகுதியின் துடிப்பு 40 விழுக்காடு வரை மாறியது. நேர்முனை நரம்பணுக்களைத் தூண்டியது, எதிர்முனை அடக்கியது.

இந்த முறை பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையத்துக்கும் வந்தது. 1847-இல் மனநோயாளர் காப்பகமாகத் தொடங்கி, 1974-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிலையம் அது. அங்கே டாக்டர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழுவினர், மருந்து சாப்பிட்டும் காதில் குரல் கேட்பது நிற்காத மனச்சிதைவு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தனர். 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், நாளைக்கு இருமுறை, ஐந்து நாட்கள். பலருக்குக் குரல்கள் குறைந்தன. 2018-இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. எனினும், வேறு நாடுகளின் சில ஆய்வுகளில் இதே பலன் தெரியவில்லை என்பதும் உண்மை.

அப்படியானால் தேர்வு எழுதும் பிள்ளையின் நினைவாற்றலை இதனால் கூட்டலாமா? 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஓரிடத்தைத் தூண்டியபோது புதிய எண் குறிகளைக் கற்கும் வேகம் கூடியது. கற்றதைத் தானாகப் பயன்படுத்தும் திறன் குறைந்தது. வேறிடத்தைத் தூண்டியபோது நேர்மாறு! ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது மூளை.

பக்கவாதத்தில் செயலிழந்த கையை மீட்கவும் இம்முறை ஆராயப்படுகிறது. அங்கும் இது உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணைதானே தவிர, மாற்று அன்று.

ஆகவே பெட்டரியும் கம்பியும் வாங்கி வீட்டிலேயே தலையில் கட்டிப் பார்ப்பது பேராபத்து. காதில் குரல் கேட்கிறது என்பவரைப் பேய் பிடித்ததாகச் சொல்லி மறைத்து வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தகுதி பெற்ற மருத்துவரிடம் காலத்தோடு போவது.