அறுந்த தந்தியும் தியோர்போவும்

போன வருஷம் கல்லூரி விழாவுக்கு நண்பனின் கிடாரை இரவல் வாங்கினேன். பாடுகிறவனின் சுருதிக்காக முதல் தந்தியை ஏற்றினேன். 'டப்'பென்று அறுந்தது. மெல்லிய தந்தி, அதான் என்று தடிமனாக ஒன்று வாங்கிப் போட்டேன். அதே சுருதிக்கு வரும்போது அதுவும் போச்சு! ஏன் என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இந்தக் கதை. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள்.

தியோர்போ, ஐரோப்பிய லூட் குடும்பத்தின் பெரியண்ணன். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் பிறந்தது. ஒருவர் தனியாகப் பாட, கீழ்ஸ்தாயியில் ஒரு வாத்தியம் துணை வரும் புதுப் பாணி அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. குரலுக்கு, அதுவும் டெனர் குரலுக்கு, இதுவே மிகப் பொருத்தமான துணை என்று 1602-ல் பாடகர் காச்சினி எழுதினார்.

கீழ்ஸ்தாயி கனமாகக் கேட்க நீளம் வேண்டும். சாதாரண லூட்டில் நரம்பின் நீளம் சுமார் 60 செ.மீ.; பெரிய தியோர்போவில் 85 செ.மீ. அங்கேதான் சிக்கல். அன்றைய நரம்பு ஆட்டுக்குடலில் திரித்தது. அது எந்தச் சுருதியில் அறும் என்பதை முடிவு செய்வது பொருளும் நீளமும்தான், தடிமன் அல்ல. தடிமன் கூடினால் பலம் கூடும். அதே சுருதிக்கு இழுக்கவேண்டிய விசையும் அதே அளவு கூடும். வரவுக்குச் செலவு சரி!

85 செ.மீ. குடல் நரம்பு சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. இன்றைய சுருதிக் கணக்கில் முதல் நரம்பு ஏ (440), இரண்டாவது ஈ (330). இரண்டும் அறும். மூன்றாவது பி (247) பிழைக்கும். அதனால் முதல் இரண்டையும் ஒரு ஸ்தாயி இறக்கிவிட்டார்கள். பெரிய லூட்களில் முதல் நரம்பு அந்த உயரத்துக்கு வராததே காரணம் என்று பிச்சினீனி 1623-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் சொல்கிறார்.

ஆக, மூன்றாவது நரம்புதான் எல்லாவற்றிலும் உச்சம்! இதுபோக, நீண்ட கழுத்தில் விரல் வைக்காமல் மீட்டும் 8 மந்திர நரம்புகள். மொத்தம் 14. பாட்டுக்கு ஏற்ப அந்த எட்டில் தேவையானவற்றைத் திருத்திச் சுருதி சேர்க்கவேண்டும்.

இறக்கியதில் நஷ்டமா? இல்லை. வாத்தியம் பாடகரின் குரலுக்கு மேலே ஏறிக் கத்தாமல், அடியில் நின்று தாங்கியது. அடுத்தடுத்த ஸ்வரங்கள் வேறுவேறு நரம்புகளில் விழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மணிபோல் ஒலித்தன. தாங்காது என்று இறக்கியதே தியோர்போவின் தனிக் குணமாகிவிட்டது.

நானும் அன்றைக்குத் தந்தியை ஏற்றாமல், பாட்டை இறக்கியிருக்கலாம். நண்பனுக்கு இன்னும் ஒரு தந்தி பாக்கி.