அந்நியர் மேசையில் பிறந்த சொற்கள்: போக்கர் குழூஉக்குறிகளின் வரலாறு

போக்கர் ஆட்டத்தில் புழங்கும் ஆன்ட்டி, பிளைண்ட், பிளஃப், ஆல்-இன், ரிவர் முதலிய சொற்களைப் புதிதாக ஆட வருபவர்கள் பொருள் தெரிந்தால் போதுமென்று மனப்பாடம் செய்துகொள்கின்றனர். ஆயினும் இச்சொற்களில் பெரும்பாலானவை ஆட்டத்தின் விதிகள் மாறிய காலங்களையும், அம்மாற்றங்களுக்குக் காரணமான சச்சரவுகளையும் தம்முள் அடக்கியவை. ஒருவரையொருவர் அறியாத, நம்புவதற்கும் வழியில்லாத மனிதர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ரொக்கம் வைத்து ஆட வேண்டியிருந்த சூழலே போக்கரை உருவாக்கியது; அந்த அவநம்பிக்கையைச் சமாளிக்க அவர்கள் கண்ட ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு சொல்லாக நிலைத்தன.

பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்து 1803-இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட லூசியானாப் பகுதியின் துறைமுக நகரான நியூ ஆர்லியன்ஸ் இவ்வாட்டத்தின் தொட்டில் என்பதில் இன்றைய ஆய்வாளர்கள் பெரிதும் உடன்படுகின்றனர். பிரெஞ்சுக்காரர்கள் ஆடிய போக், அதற்கு உறவான ஜெர்மானியரின் போகென் ஆகிய ஆட்டங்களின் பெயரிலிருந்தே போக்கர் என்ற பெயர் வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஆங்கிலேயரிடம் பிராக் என்னும் மூன்று சீட்டு ஆட்டம் இருந்தது. கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் பெரிய சீட்டு வைத்திருப்பதுபோலப் பந்தயத்தை ஏற்றி எதிராளியை அஞ்சி விலகச் செய்வது அதன் உயிர்நாடி. இந்தியாவில் தீன் பத்தி என்றும் தமிழகத்தில் மூணு சீட்டு என்றும் அறியப்படும் ஆட்டம் இந்தப் பிராக்கின் வழித்தோன்றலே ஆகையால், போக்கரின் பிளஃப், அதாவது பொய்ப் பந்தயம், தமிழ்நாட்டுச் சீட்டாடிகளுக்கு முற்றிலும் புதியதன்று. பாரசீகத்தின் ஆஸ்-நாஸ் ஆட்டமே போக்கரின் மூலம் என்ற கருத்து நெடுங்காலம் நூல்களில் வழங்கியபோதும், அதற்கு உறுதியான சான்று கிடைக்காமையால் பிற்கால ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டனர்.

தொடக்ககாலப் போக்கர் இருபது சீட்டுகளால் ஆடப்பட்டது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஆகியவை மட்டும் கட்டில் இருக்க, நால்வருக்கும் தலைக்கு ஐந்து சீட்டு வீதம் முழுக்கட்டும் பங்கிடப்பட்டுவிடும். மாற்றிக்கொள்ளக் கூடுதல் சீட்டு கிடையாது. மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில், பருத்தி விற்ற பணத்தோடு பயணம் செய்த தோட்ட உரிமையாளர்களைக் குறிவைத்துத் தொழில்முறைச் சூதாடிகள் கப்பலேறினர். ஜோசஃப் கவல் என்னும் ஆங்கில நாடக நடிகர் 1844-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், 1829 டிசம்பரில் லூயிவில்லிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சென்ற கப்பலில் கண்ட ஆட்டம் ஒன்றை விவரித்துள்ளார். மூடுபனியில் கப்பல் மோதிக் குலுங்க, எல்லாரும் பதறி வெளியே ஓடியபோது, பச்சைக் கண்ணாடி அணிந்த ஒருவர் மட்டும் மேசையை விட்டு எழாமல் சீட்டுக்கட்டைக் கையில் வைத்துக் கலைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் பந்தயம் மளமளவென ஏறியது; ஆனால் சீட்டுப் போட்ட கையின் பிசகால், அவர் தமக்கென அடுக்கி வைத்திருந்த சீட்டுகள் இளம் வழக்கறிஞர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தமையால், பணம் முழுவதும் அந்த இளைஞருக்கே போயிற்று. போக்கரைப் பற்றிய மிகப் பழைய விவரணைகளுள் ஒன்றே மோசடியைப் பற்றியதாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. சூதாடியாக இருந்து மனம் மாறிய ஜொனாதன் கிரீன் 1843-இல் எழுதிய நூலில் இவ்வாட்டத்தை ஏமாற்று ஆட்டம் என்றே குறிப்பிட்டார். தொழில்முறைச் சூதாடிகள்மீது ஆற்றங்கரை ஊர்களில் மூண்ட வெறுப்பு 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரில் எல்லை மீறியது. ஐந்து சூதாடிகளை அவ்வூர்க் கும்பல் விசாரணையின்றித் தூக்கிலிட்டது.

ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட முழுக்கட்டு புழக்கத்துக்கு வந்தபின் ஆட்டக்காரர் எண்ணிக்கை கூடியது. ஒரே இனத்தின் ஐந்து சீட்டு சேர்வதான ஃபிளஷ், வேண்டாத சீட்டைக் கழித்துப் புதிதாக வாங்கும் டிரா, வரிசையாக ஐந்து சீட்டு அமைவதான ஸ்ட்ரெய்ட் ஆகியவை ஒவ்வொன்றாக நுழைந்தன. ஸ்ட்ரெய்ட்டை ஏற்பதா என்பதில் நீண்ட தகராறு இருந்தது. இருபது சீட்டு ஆட்டத்தில் நான்கு ஏஸ் வெல்ல முடியாதது. நான்கு ராஜாவோடு ஓர் ஏஸ் சேர்ந்தாலும் அவ்வாறே, ஏனெனில் நான்கு ஏஸ் வேறு எவரிடமும் இருக்க இயலாது. தோற்கவே முடியாத சீட்டை வைத்துக்கொண்டு பிறர் பணத்தின்மீது பந்தயம் ஏற்றுவது கண்ணியமாகாது என்று அக்கால விதிநூலார் வாதிட்டனர். ஒரே இனத்தில் வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் நான்கு ஏஸுக்கும் மேலாக வைக்கப்பட்டபின்பு, எவ்வளவு பெரிய சீட்டுக்காரருக்கும் ஒரு சிறு ஐயம் மிஞ்சியது. இதனைப் போக்கர் வரலாற்றின் மிக நுட்பமான திருத்தம் எனலாம்.

பணத்தை நடுவில் சேர்ப்பது பற்றிய சொற்கள் வேறொரு தேவையிலிருந்து வந்தவை. சீட்டு போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் கட்ட வேண்டிய சிறுதொகை ஆன்ட்டி. லத்தீனில் முன் என்று பொருள்படும் சொல் அது. நல்ல சீட்டு வரும்வரை செலவின்றிக் காத்திருப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். சீட்டைப் பாராமலேயே கட்டும் கட்டாயப் பந்தயம் பிளைண்ட். அதற்கு அடுத்தவர் தாமும் பாராமல் அதனை இரட்டிப்பது ஸ்ட்ராடில். சீட்டு போடும் முறை யாருடையது என்பதில் குழப்பம் வராமலிருக்க, முறைகாரர் முன் ஒரு பொருள் வைக்கப்பட்டு, ஆட்டந்தோறும் அடுத்தவருக்கு நகர்த்தப்பட்டது. மான்கொம்புப் பிடி போட்ட கத்தியே பெரும்பாலும் அதற்குப் பயன்பட்டதால் பக் என்ற பெயர் வந்ததென்பது வழக்கமான விளக்கம். சீட்டுப் போட விரும்பாதவர் பக்கை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். மார்க் ட்வெய்ன் 1872-இல் வெளியிட்ட ரஃபிங் இட் நூலிலேயே, பக்கைத் தள்ளிவிடும் இவ்வழக்கு போக்கருக்கு வெளியேயான பேச்சில் எடுத்தாளப்படுகிறது. பின்னர் அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு நாடறிந்த தொடராயிற்று. போக்கர்ப் பிரியரான குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன், பக் இங்கே நின்றுவிடும் என்ற பொருளுடைய பலகையை 1945 முதல் தம் மேசைமீது வைத்திருந்தார். ஒக்லஹோமாவின் எல் ரினோ சீர்திருத்தச் சிறையில் செய்யப்பட்ட பலகை அது.

தமிழில் இன்று எவரும் விளக்கம் கேளாமல் பயன்படுத்தும் ஜாக்பாட் என்ற சொல்லும் இம்மேசையிலிருந்து வந்ததே. 1870-களில் டிரா போக்கரில் ஒரு விதி பரவியது: கையில் குறைந்தது இரண்டு ஜாக்கியாவது இருப்பவரே முதல் பந்தயத்தைத் தொடங்கலாம். ஒருவரிடமும் இல்லையெனில் சீட்டுகள் திரும்பக் கலைக்கப்படும். எல்லாரும் மீண்டும் ஆன்ட்டி கட்டுவர். முன்பு கட்டியதும் நடுவிலேயே கிடக்கும். இப்படி நான்கைந்து முறை யாருக்கும் ஜாக்கி வராமல் போனால், நடுவில் குவிந்த பணம், அதாவது பாட், வழக்கத்தைவிடப் பலமடங்கு பெருத்துவிடும். ஒன்றுமில்லாமலேயே பந்தயத்தைத் தொடங்கிப் பிறரை விரட்டும் துணிச்சல்காரர்களைக் கட்டுப்படுத்த இவ்விதி உதவியது; ஆனால் பொய்ப் பந்தயத்தின் வாய்ப்பைச் சுருக்கி ஆட்டத்தைச் சாரமற்றதாக்கிவிட்டதென்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்பட்டனர். அவர்களின் குறை நியாயமானதே. விதி மறைந்தும் பெயர் மறையவில்லை. கிண்டி குதிரைப் பந்தயத்தில் தொடர்ச்சியான பல ஓட்டங்களின் வெற்றிக் குதிரைகளைச் சரியாகச் சொல்வோருக்கான பரிசு வரை அது பயணம் செய்தது.

மோசடியைக் குறிக்கும் சொற்களே இவ்வகராதியின் செழுமையான பகுதி. முன்கூட்டி அடுக்கிவைத்து, ஆட்டத்தின் நடுவே மாற்றிவிடப்படும் கட்டு கோல்டு டெக், அதாவது குளிர்ந்த கட்டு எனப்பட்டது. பலர் கைபட்டுச் சூடேறிய கட்டோடு ஒப்பிட அது விரலுக்குக் குளிர்ந்திருக்கும் என்பர். சீட்டைக் கலைப்பதுபோல் கலைத்துத் தாம் விரும்பியதை விரும்பியவருக்குப் போடுபவர் மெக்கானிக். சீட்டை உடைக்குள் ஒளித்து, வேண்டும்போது கைக்குக் கொண்டுவரும் கருவி ஹோல்டவுட். 1888-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெப்ளிஞ்சர் என்பவர் அமைத்த கருவியின் கதையை மாயவித்தைக் கலைஞர் மாஸ்கலின் 1894-இல் எழுதிய நூல் தருகிறது. முழங்கால்களைச் சற்றே அகற்றினால், உடைக்குள் குழாய்கள் வழியே ஓடிய கயிறு இழுபட்டு, சட்டைக் கைமடிப்பின் இரு துணிகளுக்கிடையிலிருந்து ஒரு கவ்வி நீண்டு சீட்டை நீட்டும். கால்களைச் சேர்த்தால் உள்ளே சென்றுவிடும். கெப்ளிஞ்சர் ஓயாமல் வெல்வதைக் கண்டு ஐயுற்ற உடன் ஆட்டக்காரர் மூவர், ஒருநாள் அவரை அமுக்கிப் பிடித்துச் சோதித்துக் கருவியைக் கண்டுபிடித்தனர். அவர்களும் கைதேர்ந்த சூதாடிகளாதலால், தங்கள் ஒவ்வொருவருக்கும் அதுபோல் ஒன்று செய்துதர வேண்டுமென்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. இத்தகைய கைகளுக்கு எதிராக எழுந்தவையே இன்றும் மேசையில் நடைபெறும் சடங்குகள். கலைத்த கட்டை இன்னொருவர் வெட்டுவது அவற்றுள் பழையது. பொதுச்சீட்டு திறக்கும் முன் மேல்சீட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒதுக்குவது பர்ன் எனப்படும். முதுகில் இரகசியக் குறியிட்டு அடுத்த சீட்டை முன்னறிபவரின் முயற்சி அதனால் வீணாகும்.

பழைய ஆட்டத்தில் எதிராளியின் பந்தயத்துக்கு ஈடுகட்டப் பணமில்லாதவர் கடன் வாங்கி வரலாம், சொத்தைப் பணயம் வைக்கலாம்; பணபலம் மிக்கவர் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போய் ஏழையை விரட்டிவிடவும் இயலும். ஆட்டம் தொடங்கும்போது மேசைமீது உள்ள பணம் மட்டுமே கணக்கில் வரும் என்னும் டேபிள் ஸ்டேக்ஸ் விதி இதற்கு முடிவுகட்டியது. இருப்பது முழுவதையும் வைத்துவிடுவது ஆல்-இன். அதற்கு மேற்பட்ட பந்தயம் சைடு பாட் என்ற தனிக்குவியலாக மற்றவர்களுக்கிடையே நடக்கும். இன்று அரசியல் மேடைகளில்கூட வீரப்பேச்சாக ஒலிக்கும் ஆல்-இன் என்பது உண்மையில் எளியவரைக் காக்கப் பிறந்த ஏற்பாடு. வெள்ளை, சிவப்பு, நீலம் என்று மதிப்பிடப்பட்ட வில்லைகளுள் நீலமே உயர்ந்ததாதலால், பங்குச்சந்தையின் புளூ சிப் என்ற தொடரும் அம்மேசைக்குக் கடன்பட்டதே.

சில சீட்டுகளைத் திறந்தும் சிலவற்றைக் கவிழ்த்தும் போடும் ஸ்டட் போக்கரில் கவிழ்ந்த சீட்டு ஹோல் கார்டு எனப்பட்டது. ஆபத்தில் கைகொடுக்கும் மறைவான பலத்தைக் குறிக்கும் ஏஸ்-இன்-த-ஹோல் அதிலிருந்து தோன்றியது. கலிஃபோர்னியச் சட்டம் 1885-இல் ஸ்டட்-ஹார்ஸ் போக்கர் என்ற பெயரைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1911-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் டிரா போக்கர் திறமையாட்டம் என்று கருத்துரைத்ததால், ஒரே ஆட்டத்தின் ஒரு வகை குற்றமாகவும் மற்றது அனுமதிக்கப்பட்டதாகவும் பல பத்தாண்டுகள் நீடித்தன. திறமையா அதிர்ஷ்டமா என்ற அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது: ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் அப்பகுதியை அந்நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாதென்று அறிவித்தது; ஆனால் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்தது.

கறுப்பு ஏஸ் இரண்டும் கறுப்பு எட்டு இரண்டும் சேர்ந்தால் டெட் மேன்ஸ் ஹேண்ட், அதாவது இறந்தவன் கை. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் ஊரின் மதுக்கடையில் துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக் பின்னிருந்து சுடப்பட்டபோது அவர் கையில் இச்சீட்டுகள் இருந்தன என்பது வழக்கு. ஆனால் 1886-இல் இதே பெயர் மூன்று ஜாக்கியும் இரண்டு பத்தும் சேர்ந்த கைக்கு வழங்கியிருக்கிறது. ஹிக்காக்கின் சீட்டுகளாக ஏஸும் எட்டும் பரவலாக அறியப்பட்டது 1926-இல் வெளிவந்த ஃபிராங்க் வில்ஸ்டாக்கின் நூலுக்குப் பின்னரே.

இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் தோன்றியதாக டெக்சாஸ் சட்டமன்றம் 2007-இல் ஏற்றது. இரண்டு சீட்டு தனக்கு, ஐந்து சீட்டு பொதுவுக்கு. முதலில் ஒருசேரத் திறக்கும் மூன்றும் ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ரிவர் என்பதற்குக் கப்பல் காலத்தோடு உறவு கற்பிக்கும் கதைகள் பல, எதற்கும் சான்றில்லை. அமைந்த பொதுச்சீட்டுகளைக் கொண்டு எவராலும் வெல்ல முடியாத கை நட்ஸ். லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதி நடத்திய பென்னி பினியன் 1970-இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முதல் வெற்றியாளர் ஜானி மாஸ், வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் டாயில் பிரன்சன் இறுதி ஆட்டத்தைப் பத்தும் இரண்டும் வைத்து வென்றமையால், அந்தச் சாதாரணக் கை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் போயிற்றென்று எழுந்தபோது மேசையில் ஒரே ஒரு வில்லை எஞ்சியிருந்ததாகவும், ஆல்-இன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லாததால் தொடர அனுமதிக்கப்பட்டதாகவும் கூறுவர். அவர் அத்தொடரையே வென்றார். ஒரு வில்லையும் ஒரு நாற்காலியும் போதும் என்ற வழக்கு அவரோடு இணைந்துவிட்டது.

எதிராளியின் கைநடுக்கம், மூச்சு, பார்வை ஆகியவை அவர் சீட்டைக் காட்டிக்கொடுப்பது டெல். மைக் காரோ 1984-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இணைய மேசையில் முகமே இல்லாததால் டெல் பெரும்பாலும் ஆடும் வேகத்தைக் குறிப்பதாகச் சுருங்கியது. 2003-இல் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், சாட்டலைட் எனப்படும் குறைந்த கட்டணத் தகுதிச்சுற்றின்வழி இணையத்திலிருந்து அவ்வுலகத் தொடரில் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றபின் போட்டியாளர் எண்ணிக்கை 839-இலிருந்து மறு ஆண்டே 2,576 ஆயிற்று. கூடவே பழைய அவநம்பிக்கையும் புதிய சொல்லொன்றைப் பெற்றது: எல்லாருடைய மறைசீட்டையும் பார்க்க வல்ல கள்ளக் கணக்கு சூப்பர் யூசர். 2007-இல் அப்சல்யூட் போக்கர் தளத்தின் போட்டியொன்றில் இரண்டாமிடம் பெற்றவர் தம் ஆட்டப் பதிவைக் கேட்டபோது, மேசையிலிருந்த அனைவரின் சீட்டுகளும் அடங்கிய கோப்பு அவருக்கு அனுப்பப்பட்டுவிட்டது. ஆட்டக்காரர்கள் அதை வரிவரியாகப் பரிசோதித்து, பார்வையாளராக ஒட்டிநின்ற ஒரு கணக்கின் துணையோடு வெற்றியாளர் ஆடியதை வெளிக்கொணர்ந்தனர்.