காலி வீடுகளில் யாருடைய பெயர்?

2007 நவம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் விக்டர்வில் நகருக்கு அருகே ஒரு விநோதமான கார்ப் பந்தயம் நடந்தது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் 11 கார்கள் தெருத்தெருவாகத் திரும்பி, சந்திப்புகளில் நின்று, சாலை விதிகளை மதித்து ஏறத்தாழ 60 மைல் ஓட வேண்டும். நடத்தியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தார்ப்பா. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் குழுவின் கார் 20 லட்சம் டாலர் பரிசை வென்றது. தானியங்கிக் கார்களின் வரலாறு இந்த நாளை மறப்பதில்லை. ஆட்களே இல்லாத அந்தத் தெருக்கள் எப்படிக் கிடைத்தன, அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்பது அந்த வரலாற்றின் கேள்வியாக இருந்ததில்லை.

அது ஜார்ஜ் விமானப்படைத் தளத்தின் குடும்பக் குடியிருப்பு. மொஹாவி பாலைவனத்தில் 1941-இல் தொடங்கிய தளம் இது. போரின்போது விபத்தில் இறந்த ஹெரால்ட் ஜார்ஜ் என்ற தளபதியின் பெயரை 1950-இல் பெற்றது. பனிப்போர் முடியும் தறுவாயில் அரசு மூட முடிவெடுத்த தளங்களில் இதுவும் ஒன்று. 1992 டிசம்பரில் மூடப்பட்டது. ஓடுபாதை சரக்கு விமான நிலையமானது. ஒரு பகுதி நிலத்தில் மத்தியச் சிறை எழுந்தது. வீடுகள் மட்டும் காலியாகவே நின்றன. மரைன் படையினர் நகரச் சண்டைப் பயிற்சிக்கு அவற்றைப் பயன்படுத்தினார்கள். குழந்தைகள் தூங்கிய அறைகளுக்குள் துப்பாக்கியோடு நுழைந்து பழகினார்கள்.

ராணுவம் ஏன் குடும்பங்களுக்கு வீடு கட்டியது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா சமாதான காலத்திலும் பெரும்படையை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. தேர்ந்த விமானிகளும் பழுதுநீக்குநர்களும் படையிலேயே நீடிக்க வேண்டுமானால் அவர்களுடைய மனைவியும் பிள்ளைகளும் உடன் இருக்க வேண்டும். 1949-இல் செனட்டர் வெர்ரியின் பெயரிலும் 1955-இல் செனட்டர் கேப்ஹார்ட்டின் பெயரிலும் வந்த சட்டங்கள், தனியார் முதலீட்டைக் கொண்டு தளங்களில் ஆயிரக்கணக்கான குடும்ப வீடுகளை எழுப்பின. அந்த வீடு கணவனைப் படையில் பிடித்துவைக்கும் கருவி. அது கருவியாக வேலை செய்ததற்குக் காரணம், உள்ளே ஒரு பெண் சமைத்தாள், பிள்ளை வளர்த்தாள், இடமாற்ற உத்தரவு வரும்போதெல்லாம் மூட்டை கட்டினாள். அந்த உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. வீட்டு ஒதுக்கீடும் கணவனுடைய பதவியைப் பொறுத்தது, கணவனுடைய பெயரில் இருந்தது. ராணுவத்தின் காகிதங்களில் அவளுக்குக் கிடைத்த சொல் ‘சார்ந்திருப்பவர்’ என்பதுதான்.

இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே இழுத்துக் காட்டியவர் அலபாமாவின் மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் லெப்டினன்ட்டாக இருந்த ஷாரன் ஃபிரான்டியரோ. தன் கணவருக்காகக் கூடுதல் வீட்டுப்படியும் மருத்துவ வசதியும் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆண் அதிகாரியின் மனைவி எந்தக் கேள்வியும் இன்றிச் சார்ந்திருப்பவர்; அவள் சம்பாதித்தாலும் அப்படித்தான். பெண் அதிகாரியின் கணவர் என்றால், அவருடைய செலவில் பாதிக்கு மேல் மனைவி தருவதை நிரூபிக்க வேண்டும். ஃபிரான்டியரோவின் கணவர் கல்லூரி மாணவர். மாதச் செலவு 354 டாலர். அதில் 205 டாலர் முன்னாள் படைவீரர் உதவித்தொகையாக அவருக்கே வந்தது. ஆகவே கணக்கு உதைத்தது. 1973-இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று ஃபிரான்டியரோ பக்கம் தீர்ப்பளித்தது. பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் அங்கே முதன்முதலாக வாதாடியது இந்த வழக்கில்தான்.

சீருடை அணிந்த பெண்ணின் உடலையும் ராணுவம் சும்மா விடவில்லை. கர்ப்பமானால் அவளை வேலையை விட்டு நீக்கலாம் என்று 1951-இல் அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தார். கர்ப்பத்துக்காகக் கட்டாயமாக வெளியேற்றும் வழக்கம் 1975-இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஜார்ஜ் போன்ற தளங்களுக்குப் பெண்கள் கூடுதலாக வந்தார்கள். 1970-களிலும் 80-களிலும் அங்கே பணியாற்றிய பெண்கள் 2018-இல் ‘மிலிட்டரி டைம்ஸ்’ பத்திரிகையிடம் பேசினார்கள். இங்கே இருக்கும்வரை கர்ப்பம் தரிக்காதே என்று தங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்றார்கள். அடுத்தடுத்த கருச்சிதைவுகளையும் கருப்பை அகற்றத்தையும் பற்றிச் சொன்னார்கள். பல ஆண்டுகள் தனித்தனியே சுமந்த துக்கம் பலருக்கும் பொதுவானது என்பதை முகநூல் வழியாகத்தான் அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

தளத்தின் மண்ணைப் பற்றி அரசுக்குத் தெரிந்திருந்தது. விமானப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட ட்ரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானும் விமான எரிபொருளும் நிலத்தடி நீரில் கலந்திருந்தன. 1990-இல், தளம் மூடப்படுவதற்கு முன்பே, நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஜார்ஜ் சேர்க்கப்பட்டது. அந்தக் கரைப்பான் புற்றுநோயை உண்டாக்கும், வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் வரையறுத்தது.

ஒருத்தியின் கருச்சிதைவுக்கு இந்த நச்சுதான் காரணம் என்று தனியொரு சம்பவத்தை வைத்து நிறுவ முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும். எந்த வீட்டில் யார், எத்தனை மாதம் இருந்தார்கள், எத்தனை கருக்கள் கலைந்தன என்ற பதிவு வேண்டும். நிலத்தடி நீருக்கு அப்படிப்பட்ட பதிவு உண்டு; கிணறு தோண்டி மாதிரி எடுத்து எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘சார்ந்திருப்பவர்’ என்று ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டவளுக்கு அது இல்லை.

இது ஏட்டளவிலான குறை அல்ல என்பதை வேறொரு தளம் காட்டுகிறது. வட கரோலினாவிலுள்ள மரைன் தளமான லெஜூனில் பல்லாண்டுகள் குடிநீரிலேயே இந்தக் கரைப்பான் கலந்திருந்தது. அங்கே வாழ்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவச் செலவு தரும் சட்டம் 2012-இல் வந்தது. இப்போதைய வடிவில் அது 1953 முதல் 1987 வரை குறைந்தது 30 நாள் அங்கே இருந்தவர்களுக்குப் பொருந்தும். 15 நோய்நிலைகள் கொண்ட அதன் பட்டியலில் கருச்சிதைவும் பெண் மலட்டுத்தன்மையும் இடம்பெற்றன. இது பெரிய வெற்றி. ஆனால் பயன்பெற விரும்புகிற பெண் இரண்டை நிரூபிக்க வேண்டும்: படைவீரரோடு தனக்குள்ள உறவு, அந்தத் தளத்தில் தான் குடியிருந்தது. வீடு அவர் பெயரில். மணமுறிவு ஆனவளும் கணவனை இழந்தவளும் அவருடைய காகிதங்களைத் தேடித்தான் தன் உடலுக்கு நியாயம் கேட்க வேண்டும். ஜார்ஜில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த அளவுக்குக்கூட ஒரு சட்டம் இல்லை.

ராணுவத் தளங்களின் வரலாறு விமான வகைகளாலும் தளபதிகளின் பெயர்களாலும் எழுதப்படுகிறது. அதைத் திருத்தி எழுத நினைக்கும் மாணவிகள் ஓடுபாதையை விட்டுவிட்டுக் குடியிருப்பிலிருந்து தொடங்கலாம். ஒதுக்கீட்டுப் பட்டியல், பள்ளிச் சேர்க்கை ஏடு, பிரசவ வார்டுப் பதிவேடு, பெண்கள் தாய்க்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ராணுவ ஆவணங்களே. முதியவர்களாகிவிட்ட அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்தத் தெருவில் எந்த ஆண்டு வாழ்ந்தீர்கள் என்று கேட்டு, அவரவர் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டும்.