படத்தை அசைப்பது எது? சிதம்பரக் கரணங்களும் ஒரு கடலூர்ப் புகைப்படமும்

நிலைப்படத்துக்குள் அசைவு இல்லை, அதை வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும் என்ற எண்ணம் இணையத்தில் கதை சொல்வோரிடம் பரவலாக உள்ளது. புகைப்படத்தின் மேல் கேமரா மெல்ல ஊரும் உத்தி பழையது. 1957இல் வந்த 'சிட்டி ஆஃப் கோல்டு' என்ற கனடிய ஆவணப்படத்திலேயே அது கைகூடியிருந்தது. 1990இல் வந்த 'தி சிவில் வார்' தொடருக்குப் பின் அதன் இயக்குநர் கென் பர்ன்ஸின் பெயராலேயே வழங்கலாயிற்று. 2011இல் சினிமாகிராஃப் வந்தது: படம் முழுதும் அசையாதிருக்க, கூந்தலின் ஓர் இழை மட்டும் ஓயாமல் ஆடும். 2021இல் 'டீப் நாஸ்டால்ஜியா' என்ற மென்பொருள் பழைய புகைப்படத்திலிருந்து இறந்துபோன தாத்தாவைக் கண்சிமிட்ட வைத்தது. கருவிகள் மாறினவே தவிர அடிப்படை எண்ணம் மாறவில்லை. அந்த எண்ணம் பிழை என்பதற்குக் கடலூர் மாவட்டத்திலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, சிதம்பரம் நடராசர் கோயில் கோபுர வாயில்கள். உள்சுவர்களின் அரைத்தூண்களில், சிறு கட்டங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆடல் மகளிர் நிற்கிறார்கள். நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் கூறும் 108 கரணங்கள் இவை. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் கரணங்களோடு அந்தந்தக் கரணத்தின் இலக்கணச் சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மாவட்டத்தின் மறுகோடியில் விருத்தாசலம் கோயில் கோபுரத்திலும் கரணங்கள் உண்டு. ஆயினும் சிற்பமும் சுலோகமும் இப்படிச் சேர்ந்து நிற்பது சிதம்பரத்துக்கே உரிய சிறப்பு.

கரணம் என்பது ஒரு நிலையா, அசைவா? சிற்பத்தை மட்டும் பார்த்தவர்கள் நிலை என்றே கொண்டார்கள். 1936இல் வெளிவந்த 'தாண்டவ லட்சணம்' என்ற நூல் சிதம்பரச் சிற்பங்களின் படங்களைச் சுலோகங்களோடு சேர்த்துத் தந்தது. அரும்பணிதான், ஆனால் அச்சேறிய படம் அந்த எண்ணத்தை மேலும் இறுக்கியது. அதை உடைத்தவர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வின் மையக் கருத்து, கரணம் ஓர் அசைவு என்பது. கையும் காலும் இசைந்து இயங்குவதையே நாட்டிய சாத்திரம் கரணம் என்கிறது. எனவே சிற்பி வடித்தது அந்த இயக்கத்தில் ஒரு கணம். எந்தக் கணம் என்பதுதான் சிக்கல்: தொடக்கமாகவும் இருக்கலாம், நடுவாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம்.

இன்றைய கருவிகள் தடுமாறும் இடமும் இதுவே. 108 சிற்பங்களையும் அடுத்தடுத்து வேகமாக ஓட்டினால் நடனம் கிடைத்துவிடும் என்று தோன்றலாம். கிடைக்காது. அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே அசைவின் படிகள் அல்ல. ஒவ்வொன்றும் தனிக் கரணம். கரணங்கள் கோவையாகி அங்ககாரம் ஆகின்றன. அந்த 32 அங்ககாரங்களின் வரிசையும் வேறு. ஒரு சிற்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மென்பொருள் இட்டு நிரப்பும் அசைவு எந்த ஆசானும் கற்பிக்காத ஒன்றாகவே இருக்கும். மகாராட்டிர மாநிலம் சதாராவிலுள்ள நடராசர் கோயிலுக்குக் கரணச் சிற்பங்களை வடிவமைக்கும் வாய்ப்பு வந்தபோது பத்மா சுப்ரமணியம் கண்ட தீர்வு நுட்பமானது. சிவனையும் பார்வதியையும் ஒரே கரணத்தின் வெவ்வேறு கணங்களில் நிறுத்தினார். இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டால் இடைக்கோட்டைப் பார்ப்பவர் கண்ணே வரைந்துகொள்ளும்.

சிதம்பரச் சிற்பிக்கு இரண்டாம் புள்ளியாக இருந்தது சுலோகம். படம் ஒரு கணத்தைக் காட்ட, எழுத்து அதன் முன்பின்னைச் சொல்கிறது. 'ஊர்த்துவஜானு' என்ற பெயரே முழங்கால் மேலெழுவதைச் சொல்லிவிடுகிறது. கூடவே, பார்ப்பவரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வாயிலுக்குள் கால் முன்னே நடக்க, கண் தூணில் மேலேறுகிறது. நின்றால் படமும் நிற்கும். விரலால் தள்ளிப் படிக்கும் இணையப் பக்கத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. தானாக ஓடிக்கொண்டே இருக்கும் லூப்பில் இந்தப் பிடி வாசகர் கையில் இல்லை. தானே தொடங்கி 5 நொடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்த வழி வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் கேட்பது வெறும் மரியாதைக்காக அல்ல. ஆனால் ஒன்று: கிரந்தம் படிக்கத் தெரிந்தவர் அருகிவிட்டதால், அந்த வாயிலில் நடப்போரில் பெரும்பாலோருக்கு இன்று இரண்டாம் புள்ளி இல்லை. அவர்களுக்குச் சிற்பங்கள் உண்மையிலேயே நின்றுபோய்விட்டன.

இரண்டாம் சான்று கடலூரில் எடுக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இம்மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா இங்கே எடுத்த படம் அவ்வாண்டின் சிறந்த படமாக வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ விருது பெற்றது. ஒரு பெண் மணலில் முகம் கவிழ்ந்து கிடக்கிறார். உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. இறந்த உறவினரின் கை மட்டும் சட்டகத்தின் ஓரத்தில் தெரிகிறது.

இப்படத்தில் கேமராவை ஊரவிட்டால் என்ன ஆகும்? பெண்ணிடம் தொடங்கி ஓரத்துக் கைக்கு நகர்த்தினால், அந்தக் கை கடைசியில் காட்டப்படும் திருப்பமாகிவிடும். படத்திலோ அது முதல் பார்வையிலேயே கண்ணில் படுகிறது, நாம்தான் சற்று நேரம் கழித்துப் புரிந்துகொள்கிறோம். அந்தத் தாமதம் நம்முடையது. அதைக் கேமரா எடுத்துக்கொள்ளலாகாது. முந்தானை காற்றில் படபடக்கும்படி சினிமாகிராஃப் ஆக்கினாலோ, அழுது ஓய்ந்த உடலின் அசைவின்மை பொய்யாகிவிடும். நிலைப்படம் நேரத்தை நிறுத்திப் பொய் சொல்கிறது, கலைஞனின் கைதான் மெய் சொல்கிறது என்று சிற்பி ரோதன் வாதிட்டதுண்டு. அவர் எடுத்துக்காட்டிய குதிரையோட்டத்தைப் பற்றி அது சரியாக இருக்கலாம். இழவைப் பற்றிச் சரியல்ல. கரணச் சிற்பத்தில் நிலை என்பது அசைவின் சுருக்கம், அதை விரிக்கலாம். இங்கே விரிக்க எதுவும் மிச்சமில்லை, நிலையே செய்தி.

இருந்தும் இப்படமும் அசைகிறது, சிதம்பரத்தில் நடப்பதைப் போலவே பக்கத்திலுள்ள எழுத்தால். படக்குறிப்பில் இருக்கும் தேதி டிசம்பர் 28. அலை வந்தது 26ஆம் தேதி காலை. அந்தப் பெண் கடந்துவந்த நேரமெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது.