எந்த ஷஅபான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் வந்தது. தவணை ‘ஷஅபான்’ என்று மட்டும் அதில் இருந்தது. கடந்த ஷஅபானா, நடப்பதா, வரப்போவதா என்று அவர்கள் வினவியதாகவும், ஹிஜ்ரீ ஆண்டுக் கணக்கு ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அது ஹிஜ்ரீ 17 வாக்கில்.

கணினி நிரல் எழுதுவோரின் இன்றைய இடர்ப்பாடும் இதுவே. ‘03/04/05’ என்பது நமக்கு 2005 ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டை முதலில் எழுதும் ஜப்பானியருக்கு 2003 ஏப்ரல் 5. எம்முறையில் எழுதப்பட்டது என்பது அவ்வெண்களுக்குள் இல்லை. நிரல் ஊகித்துக்கொள்கிறது, ஊகித்ததைச் சொல்வதுமில்லை. 1988இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தது. இனி எழுதுவோருக்கு அது போதும். முன்னோர் எழுதிவைத்தவற்றுக்கு?

அரபு எழுத்தர்கள் மாதத்தின் முற்பகுதியைக் கழிந்த இரவுகளாலும் பிற்பகுதியை எஞ்சிய இரவுகளாலும் குறித்தனர். ‘ரமளானில் ஐந்து இரவுகள் எஞ்சியிருக்கையில்’ என்பர். மாதம் இருபத்தொன்பதா முப்பதா என்பது பிறை கண்ட பிறகே தெரியும். ஆதலால் பேணுதலுடையோர் ‘எஞ்சியிருக்குமாயின்’ என்றே எழுதினர். அந்த ‘ஆயின்’ இன்றைய தேதிக் கட்டத்தில் எங்கே அடங்கும்?

கணிப்பு முறை ஹிஜ்ரீ நாட்காட்டியில் 30 ஆண்டுச் சுற்றுக்கு 10,631 நாட்கள். ஸஃபருக்கு என்றும் 29. பிறை பார்த்த ஊரிலோ ஸஃபர் 30 வரலாம். ஜாவா மொழியின் பழைய தேதி வகுப்பு, தடுக்காவிட்டால், பிப்ரவரி 30ஐ ஓசையின்றி மார்ச்சுக்குத் தள்ளிவிடும். அவ்வியல்புடைய நிரல் ஸஃபர் 30ஐ ரபீஉல் அவ்வல் 1 ஆக்கிவிடும். மைக்ரோசாஃப்டின் டாட் நெட் ஹிஜ்ரீ நாட்காட்டி இரண்டு நாள் வரை கூட்டிக் குறைக்க இடந்தருவது, கணிப்பு வேறு பிறை வேறு என்று ஒப்புக்கொள்வதேயாகும். எனவே மூலத்தில் உள்ளதை உள்ளபடியே ஒரு கட்டத்தில் வைத்து, மாற்றிய தேதியைப் பக்கத்தில் எழுதுவதே நேர்மையான முறை.

இது நூலகத்தாரின் கவலை மட்டுமன்று, ஃபராயிளைத் தொடுவது. ஒரு தந்தை வெள்ளி இரவில், அதாவது வியாழன் மஃரிபுக்குப் பின் எட்டு மணிக்கு இறக்கிறார் என்க. பள்ளிவாசல் ஏட்டிலுள்ள ஹிஜ்ரீ தேதியை நிரல் வெள்ளிக்கிழமையாக மாற்றும். மகன் அதே இரவு பதினொரு மணிக்கு இறந்தால், மருத்துவமனைச் சான்றில் வியாழன். தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் மகன் முந்தியவராகிறார். தந்தையின் சொத்தில் அவருக்குச் சேர வேண்டிய பங்கும், அதன் வழியே அவர் மனைவிக்குச் சேர வேண்டியதும் இல்லாமற்போகின்றன.